வலைத்தளத் தொழிலின் விரிவும் தமிழறிவும்

வீடு கட்டுவோர்க்கும் வலைத்தளம் கட்டுவோர்க்கும் ஒரு வேற்றுமை உண்டு. வீட்டைக் கட்டிச் சாவியைக் கொடுத்தபின் கொத்தனார் அப்பக்கம் வரவேண்டியதில்லை. வலைத்தளமோ கட்டி முடித்த நாளிலிருந்துதான் கவனிப்பை வேண்டுகின்றது. இதனை உணராமையே, நம் ஊர்களில் இருவரும் மூவருமாய்க் கூடி நடத்தும் வடிவமைப்பு நிறுவனங்கள் பல தளர்வதற்குக் காரணம் எனலாம். நம் மாணவர் சிலரும் இத்தொழிலில் இறங்கியுள்ளமையின், அதனை ஈண்டு விளக்குதல் பொருந்தும்.

தளம் ஒன்றுக்கு ஒரு முறையே கூலி. அது முடிந்ததும் அடுத்த வாடிக்கையாளரைத் தேடி அலைய வேண்டும். இந்நிலையில் தொழிலை விரிக்க எண்ணுவோர், அழைப்பிதழ் அச்சிடுதல், கண்காணிப்புக் கேமரா பொருத்துதல் என அறியாத துறைகளில் கால் வைக்கின்றனர். முன்னரே தளம் பெற்றவருக்கு இன்னும் எது தேவை என வினவுவதே நேரிய வழி.

முதல் தேவை பராமரிப்பு. டொமைன் எனப்படும் தளப்பெயரை உரிய காலத்தில் புதுப்பித்தல், தளத்தின் நகலை வேறோரிடத்தில் காத்தல், மென்பொருளை இற்றைப்படுத்தல் ஆகியவற்றை ஆண்டுக் கட்டணத்தில் ஏற்கலாம். யானறிந்த கல்வி அறக்கட்டளை ஒன்றின் தளப்பெயரை, அதை வடிவமைத்த இளைஞர் தம் பெயரிலேயே பதிந்திருந்தார். அவர் வளைகுடா நாடு சென்றபின் புதுப்பிக்க ஆளில்லை. தவணை கடந்த அப்பெயரை முன்பின் அறியாத எவரோ வாங்கிக்கொண்டார். தளப்பெயர் வாடிக்கையாளரின் பெயரிலேயே இருத்தல் வேண்டும். வடிவமைப்பாளரிடம் இருக்கும் கடவுச்சொல் அமானிதமே அன்றி உடைமையன்று.

இரண்டாவது பணியே தமிழ் பயின்றோர்க்கு உரியது. ஒருங்குறியில் தமிழ் 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே இடம்பெற்றது. எனினும், நடைமுறையில் பல்வேறு எழுத்துருக் குறியீடுகளே நெடுங்காலம் வழங்கின. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ‘டாம்’, ‘டாப்’ குறியீடுகளை ஏற்றது. 2010இல்தான் ஒருங்குறியை அரசின் தரமாக அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் தட்டச்சான மலர்களும் ஊர் வரலாறுகளும் நிறுவன அறிக்கைகளும் இன்றும் பழைய எழுத்துருக்களிலேயே கிடக்கின்றன. அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அவை பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். தேடுபொறிக்கும் அவை தமிழல்ல.

இவற்றை ஒருங்குறிக்கு மாற்ற மென்பொருள்கள் உள்ளனவே, இதில் நமக்கென்ன பணி என ஐயுறலாம். பழைய எழுத்துருக்களில் ‘கெ’ என்பதன் கொம்பு முன்னும் ககரம் பின்னுமாகப் பதிவாகும். ஒருங்குறியிலோ ககரமே முதலில் வரும். இம்மாற்றத்தை எந்திரம் செய்துவிடும். ஆனால் ‘ஔவை’ என்பதில் ஔகாரத்தை ஓரெழுத்தாகக் கொள்ளாது, ஒகரம் ளகரம் என இரண்டாகப் பிரித்து ‘ஒளவை’ ஆக்கிவிடுவதுண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, தேடுவோர்க்கு வேறு. ‘வௌவால்’ படும் பாடும் இதுவே. துணைக்கால் நிற்க வேண்டிய இடத்தில் ரகரம் நிற்பதும் உண்டு. இப்பிழைகளைக் காண மெய்ப்புத் திருத்தப் பழகிய கண் வேண்டும். அது நம் துறையில் கிடைக்கும். கணிப்பொறிக் கடைகளில் அரிது.

முஸ்லிம் நிறுவனங்களின் தளங்களில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. ‘முஹம்மது’, ‘முகம்மது’, ‘முகமது’ என ஒரே பெயர் பலவாறு எழுதப்பெறுவதால், ஒரு வடிவில் தேடுவோர்க்கு மற்றவை அகப்படாமல் போகலாம். தளம் முழுதும் ஒரு வடிவைக் கைக்கொண்டு, பிற வடிவங்களையும் தேடலில் சேர்த்தல் நன்று. அரபு வாசகங்களைப் படமாக ஒட்டுதல் எளிதுதான். ஆயினும், பார்வையற்றோர்க்குத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள், விளக்கக் குறிப்பு இணைக்கப்படாத படத்தைப் படிக்க இயலாது. வலமிருந்து இடமாகச் செல்லும் வாசகம் எனக் குறித்து எழுத்தாகவே இடுதல் வேண்டும்.

2023இல் இயற்றப்பெற்ற எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒரு வாயிலைத் திறந்துள்ளது. தளத்தின் வழியே ஒருவருடைய விவரங்களைக் கேட்போர், ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணை கூறும் 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை அவருக்கு அளித்தல் வேண்டும் என்கிறது அது. அம்மொழிகளுள் தமிழும் ஒன்று. அவ்வறிவிப்பை எளிய தமிழில் எழுதித் தருவதையும் ஒரு சேவையாக்கலாம். சட்டப் பொருளை மட்டும் வழக்கறிஞரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்க.

இவையனைத்தையும் ஒருசேரத் தொடங்குதல் வேண்டா. பழைய வாடிக்கையாளர் மூவரைத் தேர்ந்து, அவர்தம் பழைய பக்கம் ஒன்றைக் கூலியின்றி மாற்றித் திருத்தி, அதிலுள்ள ஒரு பெயரைத் தேடிக் காட்டுக. எஞ்சிய பக்கங்களுக்குப் பக்கக் கணக்கில் கட்டணம் பேசி, மெய்ப்புத் திருத்துவோர்க்குரிய பங்கையும் அப்பொழுதே எழுத்தில் வரையறுத்துக்கொள்ளலாம்.