ஆறு விகுதிகளும் ஒரு ‘ஜா’வும்

தில்லையடியிலே எந்த வீட்டுக்குட் சென்றாலும் மேசை என்ற சொல் காதில் விழும். சப்பாத்து என்ற சொல்லும் விழும். இவ்விரண்டும் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்றவை. ஸ்பானிய மொழியிலும் இவற்றுக்கு மேசா, சபாத்தோ என்றே பெயர். போர்த்துக்கேயமும் ஸ்பானியமும் இலத்தீன் என்னும் தாய்வயிற்றுச் சகோதரிகளல்லவா? பெயர்ச்சொற்கள் நம் வீடுகளிற் குடியேறிவிட்டன. வினைச்சொற்கள் என்னவாயின என்பதைச் சற்று ஆராய்வோம்.

ஸ்பானியத்தில் ‘ஆப்லார்’ என்றால் பேசுதல். ‘ஆர்’ என்னும் ஈற்றை நீக்கி ஆறு விகுதிகளைச் சேர்த்தால் இறந்தகாலம் பிறக்கும். ஆப்லே – பேசினேன். ஆப்லாஸ்தே – பேசினாய். ஆப்லோ – பேசினான். ஆப்லாமோஸ் – பேசினோம். ஆப்லாஸ்தேயிஸ் – பேசினீர்கள். ஆப்லாரோன் – பேசினார்கள். ‘ஆர்’ ஈற்று ஒழுங்கு வினைகள் யாவும் இவ்வழியே செல்லும். நடத்தலைக் குறிக்கும் ‘காமினார்’ நடந்தேன் என்ற பொருளில் ‘காமினே’ ஆகும். ஆனால் மாணவர்கள் ஒன்றை மறத்தலாகாது. ‘ஆப்லோ’ என்பதன் முதலெழுத்தை அழுத்தினால் ‘பேசுகிறேன்’. ஈற்றெழுத்தை அழுத்தினால் ‘பேசினான்’. அழுத்தம் மாறினால் ஆளும் காலமும் மாறிவிடும்!

தமிழ் மாணவருக்கு இஃது அந்நியமான முறையன்று. ‘பேசினேன்’ என்னும்போது ‘நான்’ என்று தனியே கூறவேண்டியதில்லை, ஸ்பானியத்திலும் அவ்வாறே. வேறுபாடுகளும் உண்டு. நாம் காலத்தை ‘இன்’ என்னும் இடைநிலையாலும், ஆளை ‘ஏன்’ என்னும் விகுதியாலும் தனித்தனியே காட்டுகிறோம். ஸ்பானியமோ இரண்டையும் ஒரே ஈற்றில் அடக்கிவிடுகிறது. பேசினான், பேசினாள் என்ற பால் வேறுபாடும் அங்கில்லை.

போர்த்துக்கேயத்தில் இவ்வினை ‘ஃபலார்’ எனப்படும். அதற்கும் இத்தகைய விகுதிகள் உண்டு. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர், 1658இல் யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தரிடம் இழந்து நீங்கினர். எனினும் இங்கு பல இனத்தார் கலந்து பழகியதாற் பிறந்த போர்த்துக்கேயக் கிரியோல் மொழி நிலைத்து நின்றது. அம்மொழி அவ்விகுதிகள் அனைத்தையும் களைந்துவிட்டது! அவற்றுக்கு ஈடாக, ‘ஏற்கெனவே’ என்னும் பொருளுடைய ‘ஜா’ என்ற சொல்லை வினைக்கு முன் நிறுத்திக்கொண்டது. பேசியவர் நானாயினும் நீயாயினும் அவர்களாயினும் ‘ஜா ஃபலா’ என்பதொன்றே போதும். யார் பேசினார் என்பதை எழுவாய் உணர்த்தும்.

இதனைச் சிதைந்த மொழி என்று இகழ்வோர் உளர். அது தவறு. பழைய இலக்கணம் போன இடத்தில் புதிய இலக்கணம் ஒன்று முளைத்திருக்கிறது. அம்மொழியில், தமிழிலும் சிங்களத்திலும் போலவே, வினை வாக்கியத்தின் இறுதிக்கு வந்தது. முன்னே நின்ற ‘பாரா’ என்னும் சொல், ‘பா’ எனக் குறுகி, நமது ‘கு’ உருபுபோலப் பெயருக்குப் பின்னே ஒட்டிக்கொண்டது. 1900ஆம் ஆண்டிலேயே தல்காதோ என்னும் அறிஞர், கோவாவிற் பிறந்தவர், இம்மொழியைப் பற்றி லிஸ்பனில் ஒரு நூல் வெளியிட்டார்.

மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் சிலர் இன்றும் இதனைப் பேசுகின்றனர். தில்லையடியைப் போன்றே புத்தளத்தைச் சார்ந்த சிரம்பியடியில், ஆபிரிக்க வமிசத்தினரான குடும்பங்கள் வாழ்கின்றன. ஐரோப்பியர் ஆட்சியில் அடிமைகளாகவும் போர்வீரர்களாகவும் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தவர்கள் அவர்கள். ‘மஞ்சா’ என்னும் அவர்களுடைய பாடல்கள் இம்மொழியிலேயே உள்ளன. ஆனால் இளையோர் பேசுவது சிங்களமே. பாட்டு நாவில் நிற்கிறது, பொருள் நழுவிக்கொண்டிருக்கிறது.

விகுதிகளை இழந்தும் ஒரு மொழி வாழும் என்பதை ‘ஜா’ நமக்குக் காட்டியது. பேசுவோரை இழந்தால் எம்மொழியும் வாழாது. ஆதலால் வீட்டு முதியோர் வழங்கும் சொற்களை, எம்மொழியினவாயினும், பொருள் கேட்டுப் பிள்ளைகள் குறித்துவைப்பார்களாக. கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே அதனைச் செய்தல் வேண்டும்.