மோட்டார் சைக்கிள் வார்ப்புச் சக்கரமும் மெருகூட்டிய சக்கரமும்

பேச்சு வழக்கில் அலாய் வீல் எனப்படும் வார்ப்புச் சக்கரம், உருக்கிய அலுமினியக் கலவையை அச்சில் வார்த்து ஒரே துண்டாகச் செய்யப்படுவது. கம்பிகளுக்கான துளைகள் இல்லாததால் இதில் டியூப் இல்லாத டயர் பொருத்தலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு, 2018-இல் கம்பிச் சக்கரங்களுடன் அறிமுகப்படுத்திய இன்டர்செப்டர் 650 வண்டியின் சில வகைகளுக்கு 2023-இல் வார்ப்புச் சக்கரம் அளித்தது.

வண்டி வாங்கிய பின் சிலர் வெளிச்சந்தையில் கிடைக்கும் மெருகூட்டிய சக்கரங்களை மாட்டுகின்றனர். மெருகு என்பது மேற்பரப்பு வேலை மட்டுமே. அது வலிமையைக் காட்டாது. உள்ளே இருப்பது சாதாரண வார்ப்பாகவும் இருக்கலாம், ஃபோர்ஜிங் முறையில் அழுத்தி உருவாக்கியதாகவும் இருக்கலாம். பின்னது பொதுவாக எடை குறைந்தும் உறுதி மிகுந்தும் இருக்கும், விலையும் அதிகம்.

பராமரிப்பிலும் வேறுபாடு உண்டு. தொழிற்சாலை வார்ப்புச் சக்கரத்தைப் பெயின்ட் பூச்சு காக்கிறது. பூச்சில்லாத மெருகு விரைவில் மங்கும். கடலோரங்களில் உப்புக்காற்றால் வெண்புள்ளிகள் தோன்றும்.

பள்ளத்தில் வேகமாக இறங்கினால் கம்பிச் சக்கரம் பெரும்பாலும் வளையும். வார்ப்புச் சக்கரமோ விரிசல் விடலாம். விரிசல் விட்டதைப் பற்றவைத்து ஓட்டுவது ஆபத்து, மாற்றுவதே முறை.

எனவே, வாங்கும்போது பளபளப்பைவிட அளவு, தாங்கும் எடை, பிரேக் டிஸ்க் பொருத்தம், தரச்சான்று ஆகியவற்றையே முதலில் பார்க்க வேண்டும்.