மழை பெய்யாத தலைநகரம்!

குடை விற்றுப் பிழைக்க முடியாத ஊர் ஒன்று உண்டு. அதுதான் லிமா! தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாட்டின் தலைநகரம்.

1535-ம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுத் தளபதி பிசாரோ, ரீமாக் ஆற்றங்கரையில் இந்த நகரத்தை அமைத்தார்.

கடலோர ஊர்தான். ஆனாலும் ஆண்டுக்கு ஒரு அங்குல மழைகூடப் பெய்வதில்லை! காரணம், கடலில் ஓடும் குளிர்ந்த நீரோட்டம். அதனால் மூடுபனி கவிகிறது. மழை மேகம் உருவாவதில்லை.

அந்தக் கடலில் மீன் ஏராளம். பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊற வைத்து, வெங்காயமும் மிளகாயும் சேர்த்து உண்கிறார்கள். அடுப்பே வேண்டாம்! அதன் பெயர் 'செவிச்சே'.

சுமார் 1 கோடி மக்களுக்குப் பெரும்பாலும் மலையிலிருந்து வரும் ஆற்று நீரே ஆதாரம். குன்றுகளில் வாழும் ஏழைகளில் பலருக்குக் குழாய் இல்லை. லாரித் தண்ணீரை அதிக விலைக்கு வாங்குகிறார்கள். சிலர் குன்றின் மேல் வலை கட்டுகிறார்கள். அதில் படியும் பனித்துளிகள் தொட்டியில் சேருகின்றன.

கடலில் வலை போட்டால் மீன். குன்றில் வலை போட்டால் தண்ணீர்!