டீசல் வண்டியா, பெட்ரோல் வண்டியா?

தென்காசி வழியாகக் கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை பெரும்பாலும் டீசல் வண்டிகளே. ஏன்?

பெட்ரோல் எஞ்சினின் உருளையில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, சுமார் 10-இல் ஒரு பங்காக அழுத்தப்பட்டு, மின்பொறியால் எரிகிறது. மேலும் அழுத்தினால் கலவை தானாகவே வெடித்து எஞ்சினைக் கெடுக்கும். டீசல் எஞ்சினிலோ காற்றை மட்டும் 18-இல் ஒரு பங்குவரைகூட அழுத்தலாம். சைக்கிள் பம்பு சூடாவதுபோல அக்காற்றும் சூடேறி 500 பாகை செல்சியசைத் தாண்டும். அதில் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்ளும். அழுத்தும் அளவு கூடினால், வெப்பத்தில் வேலையாக மாறும் பங்கும் கூடும். தவிர, ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடச் சுமார் 10 சதவீதம் ஆற்றல் அதிகம்.

ஆனால் டீசல் எஞ்சின் கனமானது, விலையும் கூடுதல். 2020-இல் பி.எஸ். 6 விதி வந்தபின் புகை வடிகட்டும் கருவிகளும் சேர்ந்துகொண்டன.

அப்படியானால் 'குட்டி யானை' போன்ற சிறு வண்டி வாங்குபவர் எதைத் தேர்ந்தெடுப்பது? டீசல் வண்டி 1 லட்சம் ரூபாய் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு அது 20 கிலோமீட்டரும் பெட்ரோல் வண்டி 15 கிலோமீட்டரும் ஓடட்டும். இரண்டு எரிபொருளும் 100 ரூபாய் என்றால், கூடுதல் விலையை மீட்க 60,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். நாள்தோறும் புனலூர் சென்று திரும்பினால், சுமார் 120 கிலோமீட்டர் வீதம் 500 நாளில் மீண்டுவிடும். நாள்தோறும் 20 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கோ 3,000 நாளாகும்!

இரண்டும் 120 ரூபாயாக உயர்ந்தால்? 50,000 கிலோமீட்டரே போதும். ஆகவே விலை ஏற ஏற, அதிகம் ஓட்டுபவருக்கு டீசலே ஆதாயம். குறைவாக ஓட்டுபவருக்குப் பெட்ரோலே போதும்.

உங்கள் ஊர் வண்டிக்காரரிடம் விவரம் கேட்டு, நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.