ஸ்ரீரங்கத்தில் இரண்டு ‘ஸ்ரீ’

உறவினர் முகவரிகளை ஒரே கோப்பில் சேர்த்துவைத்திருக்கும் திருச்சி வாசகர் ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார்: “கல்யாணப் பத்திரிகை அனுப்ப ‘ஸ்ரீரங்கம்’ என்று தேடினால் சித்திரை வீதிக்காரர்கள் வருகிறார்கள், உத்திர வீதிக்காரர்கள் வரவில்லை. கண்ணெதிரே இருப்பதை இல்லை என்கிறது. இலவச மென்பொருள் என்றால் இப்படித்தானா? நன்கொடை மட்டும் கேட்கத் தெரிகிறதே!”

மென்பொருள் பொய் சொல்லவில்லை. அவருடைய கோப்பில் இரண்டு விதமான ஸ்ரீ இருக்கிறது.

கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு தரத்தில் ஸ்ரீ என்பது நான்கு எண்களின் வரிசை: 3000, 3021, 2992, 3008. அதாவது ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி. இந்த வரிசையைக் கண்டதும் எழுத்துருவுக்குள் இருக்கும் விதி நான்கையும் விழுங்கிவிட்டு ஒரே வடிவமாக வரைந்துவிடும். முதல் எண் 2998 ஆக, அதாவது ஸ இருக்கும் இடத்தில் ஶ இருந்தாலும், பல எழுத்துருக்கள் வரைவது அதே வடிவத்தைத்தான். தேடலோ வடிவத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்க்கிறது. ரேஷன் கடைக் கைரேகைக் கருவியின் முன் இரட்டையர் நிற்பதைப் போல. அண்ணன் அட்டையோடு தனிக்குடித்தனம் போன தம்பி வந்தால், ஊரே சத்தியம் செய்தாலும் பருப்பு கிடையாது, பாமாயில் கிடையாது, பொங்கல் கரும்பும் கிடையாது.

வரலாறு சுருக்கமாக. ஶ யூனிகோடுக்குள் நுழைந்ததே 2005இல், 4.1 பதிப்பில்தான். அதுவரை ஸ்ரீ எழுத ஸ-வை விட்டால் வழியில்லை. பிறகு ஶ-வில் தொடங்குவதே முறை என்றார்கள். பழைய கோப்புகளும் விசைப்பலகைகளும் கேட்கவா போகின்றன? ‘கொ’வை இரண்டு விதமாக உள்ளிட்டாலும் ஒன்றுதான் என்று தரத்திலேயே இருக்கிறது, ஸ்ரீக்கு அந்தச் சலுகை இல்லை, இனிமேல் சேர்க்கவும் முடியாது. வெளியான எழுத்துகளின் சமன்பாட்டில் கைவைப்பதில்லை என்பது யூனிகோடின் பிடிவாதம்.

ஆகவே ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென விதி எழுதிக்கொள்ள வேண்டும். எழுதப்போகிறவர் எங்கோ வேறொரு நாட்டில், வேலை முடிந்த இரவில் உட்காருகிற, தமிழ் தெரியாத தன்னார்வலராகக்கூட இருக்கலாம். அவருக்கு நாம் அனுப்புவது என்ன? “தேடல் வேலை செய்யவில்லை, உடனே சரிசெய்யவும்” என்ற அதட்டலும் ஒரு திரைப்பிடிப்பும். அந்தப் படத்தில் இரண்டு ஸ்ரீயும் ஒன்றுபோலவே இருக்கும். அவர் என்னத்தைக் கண்டுபிடிப்பார்? ஆயிரம் கண்கள் பார்ப்பதால் எந்தப் பிழையும் தப்பாது என்று திறந்த மூல உலகில் ஒரு பெருமைப் பேச்சு உண்டு. இங்கே கண்ணால் காரியமே இல்லை. எண்களை எடுத்து எழுதி, இரண்டு சொல்லும் உள்ள சிறு கோப்பை இணைத்து அனுப்பினால் பாதி வேலை முடிந்தது.

அதட்டலுக்கு வேறு விலையும் உண்டு. எக்ஸ்இசட் என்ற கோப்புச்சுருக்க மென்பொருளை ஃபின்லாந்துக்காரர் ஒருவர் சம்பளமில்லாமல் பராமரித்து வந்தார். ஏன் இவ்வளவு தாமதம் என்று 2022இல் முகம் தெரியாத சிலர் நச்சரித்தார்கள். உதவ வந்த ஒருவரிடம் அவர் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார். அந்த ‘உதவியாளர்’ மென்பொருளுக்குள் திருட்டுத்தனமாக நுழைய ஒரு பின்வாசல் வைத்திருந்தது 2024 மார்ச்சில் அம்பலமானது. நச்சரித்தவர்களும் அதே கூட்டம்தான் என்ற சந்தேகம் பலமாக இருக்கிறது.

கல்யாணத் தேதி நெருங்குவதால் வாசகருக்குக் கைவைத்தியம்: ‘ஸ்ரீ’யை விட்டுவிட்டு ‘ரங்கம்’ என்று தேடுங்கள். இரண்டு ஸ்ரீரங்கமும் வரும், திருவரங்கம் என்று எழுதியவர்களும் வருவார்கள். கலையரங்கமும் சுரங்கமும் கூடவே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.