மைக் என்று ஒருவர் இல்லவே இல்லை

காவல்துறை வயர்லெஸ் உரையாடல்களைப் பதிவு செய்யும் மென்பொருள் எப்படி இயங்குகிறது?

2013 ஏப்ரல் 15 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் குண்டுகள் வெடித்தன. 19ஆம் தேதி அதிகாலை, குற்றவாளிகளைக் காவல்துறை துரத்திக்கொண்டிருந்தது. அப்போது வயர்லெஸ்ஸில் ஓர் அதிகாரி யாரோ ஒருவரின் குடும்பப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார். நாம் போனில் ‘எம் ஃபார் மதுரை’ என்போமே, அதுபோல முதல் எழுத்துக்கு ‘மைக்’ என்றார். இணையம் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மைக்கை அந்த ஆளின் சொந்தப் பெயராக்கிவிட்டார்கள். சந்தேக நபர் என்று அந்தப் பெயர் ட்விட்டரில் பரவியது. கூடவே, வயர்லெஸ் பேச்சைக் கேட்கும் கருவியான ‘ஸ்கேனரில் வந்தது’ என்று இன்னொரு பெயரும் பரவியது. இருவருக்கும் குண்டுவெடிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பிறகு ‘தி அட்லாண்டிக்’ இதழின் அலெக்ஸிஸ் மேட்ரிகல் பழைய பதிவுகளைப் போட்டுக் கேட்டார். முதல் பெயர் பிறந்த விதம் தெரிந்தது. இரண்டாவது பெயர் அவர் கேட்ட பதிவில் எங்குமே இல்லை. யார், எப்போது, எந்த வரிசையில் பேசினார்கள் என்பது குலையாமல் இருந்தால்தான் இப்படிச் சரிபார்க்க முடியும். பதிவு மென்பொருளை வடிவமைப்பவர்களின் தலைவலியும் அதுதான்.

டிவி பார்க்க வந்த கருவி

பழைய ஸ்கேனர் ஒரு நேரத்தில் ஒரு சேனலில்தான் நிற்கும். தீயணைப்புப் படையின் பேச்சில் நின்றால் ஆம்புலன்ஸின் பேச்சு கைநழுவிப் போகும். கணினியில் டிவி பார்ப்பதற்காக விற்ற மலிவான யுஎஸ்பி கருவிகளில் இருந்த ‘ஆர்டிஎல் 2832யு’ என்ற சில்லு 2012 வாக்கில் இந்த நிலையை மாற்றியது. அதிலிருந்து வானொலி அலையை அப்படியே எண்களாக உறிஞ்ச முடியும் என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். நொடிக்கு 24 லட்சம் மாதிரிகள் வீதம் எடுத்தால், கருவி பிடிக்கும் அலைவரிசைப் பரப்புக்குள் வரும் எல்லாச் சேனல்களையும் மென்பொருளே ஒரே நேரத்தில் பிரித்தெடுத்துவிடும்.

எண்களை அப்படியே சேமிக்கலாமே? மாதிரிக்கு இரண்டு பைட் என்றால் நொடிக்கு 4.8 எம்பி, ஒரு நாளைக்குச் சுமார் 415 ஜிபி. பிரித்தெடுத்த குரலை மட்டும் நொடிக்கு 8,000 மாதிரி, 16 பிட் என்று வைத்தால், ஒரு சேனல் நாள் முழுக்க ஓடினாலும் 1.4 ஜிபியைத் தாண்டாது. அதிலும் பெரும்பகுதி வெறும் மௌனம். பேச்சு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மென்பொருள் கண்டுபிடிக்க வேண்டும்.

பழைய எஃப்எம் முறையில் யாரும் பேசாதபோது ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சல் கேட்கும். அலை வந்ததும் அது அடங்கிவிடும். அதைப் பார்த்துக் கதவைத் திறப்பதே ‘ஸ்குவெல்ச்’. ஆனால் கதவு திறக்கும் கண நேரத்தில் முதல் சொல் போய்விடலாம். வண்டி எண்ணோ அழைக்கப்படுபவர் பெயரோ பெரும்பாலும் அந்த முதல் சொல்லில்தான் இருக்கும். அதனால் கடைசி ஓரிரு நொடி ஒலியை மென்பொருள் எப்போதும் கையில் வைத்திருந்து, பதிவு தொடங்கியதும் முன்னால் ஒட்டிவிடுகிறது.

எந்தக் கவுன்ட்டர்?

அமெரிக்காவின் பல நகரங்களில் காவல்துறைக்கு ஒரு சேனல், தீயணைப்புக்கு ஒரு சேனல் என்ற நிலையான ஏற்பாடு போய்விட்டது. அங்கே இப்போது இருப்பது ‘டிரங்கிங்’. வங்கியில் டோக்கன் வாங்கி உட்காருகிறோம்; எந்தக் கவுன்ட்டர் காலியோ அந்த எண் பலகையில் மின்னும். அதுபோல, காவலர் பொத்தானை அழுத்தியதும் கட்டுப்பாட்டுச் சேனல் ‘இந்தக் குழுவுக்கு இந்த அலைவரிசை’ என்று அறிவிக்கும். அடுத்த முறை அதே குழுவுக்கு வேறு அலைவரிசை கிடைக்கலாம்.

கவுன்ட்டரை மட்டும் பார்த்துப் பதிவு செய்தால் திருட்டு வழக்கில் பாதியும் குப்பை லாரியின் புகாரில் பாதியும் ஒரே கோப்பில் கிடக்கும். எனவே ‘டிரங்க் ரெக்கார்டர்’ போன்ற திறமூல மென்பொருள்கள் பலகையைப் படிக்கின்றன. ‘பி25’ என்ற டிஜிட்டல் முறையில் கட்டுப்பாட்டுச் சேனல் நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் ஓயாமல் பேசுகிறது. குழு எண், பேசும் கருவியின் எண், அலைவரிசை எல்லாம் அதிலேயே கிடைக்கும். ஒவ்வோர் அழைப்பும் இந்த விவரங்களுடன் தனிக் கோப்பாகிறது. ஒரே அழைப்பு இரண்டு கோபுரங்களிலிருந்து வந்தால், பிழை குறைந்ததை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம்.

நேரத்தையும் கவனமாகக் குறிக்க வேண்டும். அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணிக்குத் திருப்பிவைப்பார்கள். அன்று ஒன்றரை மணி இரண்டு முறை வரும்! உள்ளூர் நேரத்தைக் கோப்பின் பெயராக வைத்தவர் குழம்பிப்போவார். உலகப் பொது நேரத்தில் குறித்துவைத்து, காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரமாக மாற்றுவதுதான் பாதுகாப்பு.

எழுத்து சாட்சி ஆகாது

2022இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட ‘விஸ்பர்’ போன்ற மென்பொருள்கள் பேச்சை எழுத்தாக்கித் தருகின்றன. தெருப்பெயரைத் தட்டிப் பழைய அழைப்பைத் தேடலாம். ஆனால் பி25 முறையில் குரல் அதிகபட்சம் நொடிக்கு 4,400 பிட்டாக நசுக்கப்படுகிறது. பின்னால் சைரன் வேறு. மௌனத்தில்கூட யாரும் சொல்லாத வாக்கியத்தை விஸ்பர் எழுதுவதுண்டு. ஆகவே எழுத்தை அட்டவணையாக மட்டும் பயன்படுத்தி, பக்கத்திலேயே ஒலியைக் கேட்கும் பொத்தானை வைக்க வேண்டும். ‘மைக்’ என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டவர்களைப் போலவே இயந்திரமும் தவறு செய்யும்.

பூட்டு விழுகிறது

யார் கேட்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவின் 1933ஆம் ஆண்டு கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றிக் கருவி வைத்திருப்பதையே தடுத்தது. அமெரிக்காவிலோ வீட்டு மொட்டைமாடியில் ஆன்டெனா கட்டிக் கேட்பவர்கள் ஏராளம். அங்கும் நிலைமை மாறுகிறது. சிகாகோ 2022இல், பேச்சை மற்றவர் கேட்க முடியாதபடி பூட்டும் மறையாக்கத்துக்கு மாறத் தொடங்கி, பொதுமக்களுக்கு அரை மணி நேரம் தாமதமாக ஒலியைத் தருகிறது. நியூயார்க் 2023 முதல் சேனல்களைப் படிப்படியாகப் பூட்டுகிறது. டிரங்கிங் முறையில், பூட்டிய அழைப்பு என்ற குறி கட்டுப்பாட்டுச் சேனலிலேயே வந்துவிடுவதால், மென்பொருள் அதைத் தாண்டிப் போய்விடும். பட்டியலில் நேரமும் குழு எண்ணும் மட்டும் இருக்கும். அங்கே என்ன பேசினார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பினால், மேட்ரிகலைப் போல ஒருவர் போட்டுக் கேட்க அதில் ஒலி இருக்காது.