வீட்டுக்கு வராத பொம்மை

சிவகாசி என்றதும் உங்களுக்குப் புஸ்வாணந்தானே ஞாபகம் வரும்? மருந்தை மண் குடுவையில் அடைத்து விற்ற புஸ்வாணத்தை உங்கள் பாட்டி கொளுத்தியிருப்பார். ஆனால் நான் சொல்ல வந்தது குயவர் கையில் அந்த மண் எடுக்கும் இன்னொரு வடிவத்தைப் பற்றி.

தென்பாண்டிச் சீமையில் கண்மாய்க் கரைதோறும் ஓர் அய்யனார் இருப்பார். இராஜபாளையம் பக்கத்தில் அவருக்குப் பெயரே நீர்காத்த அய்யனார்! கிராமக் கோவில்களில் மண் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் காலடியில் சின்னஞ்சிறு மண் குழந்தைகளும் கிடக்கும். பிள்ளை வரம் கேட்டவள், மடி நிறைந்ததும் கொண்டுவந்து வைத்த குழந்தை அது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தாயின் கண்ணீர் உண்டு, சகோதரிகளே!

குதிரை செய்யும் வேளாரிடம் ஊரார் முதலில் கொடுப்பது பணமல்ல, பிடிமண். கோவில் மண் ஒரு பிடி. அது கைமாறினால் ஒப்பந்தம் முடிந்ததாக அர்த்தம். கண்மாய்க் களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து மிதிக்கிறார்கள். இல்லாவிட்டால் சூளையில் வெடித்துவிடும். கால்களை முதலில் குழாய்போல நிறுத்தி, அதன்மேல் வயிற்றை வளர்க்கிறார்கள். உள்ளே வெறும் கூடுதான். கண் திறக்கும் வரை அது மண். திறந்த பிறகு சாமியின் சொத்து.

அமெரிக்காவில் அரிஸோனா மாநிலத்து ஹோப்பி மக்களிடமும் ஒரு பொம்மை உண்டு. மழை தரும் கச்சினா தேவதைகளை காட்டன்வுட் மரத்தின் வேரில் செதுக்கி, சடங்கு நாளில் பெண் குழந்தைகளுக்குத் தருகிறார்கள். சுவரில் மாட்டியிருக்கும் அதைப் பார்த்தே எந்தத் தேவதை யார் என்று சிறுமி கற்றுக்கொள்கிறாள். அது பூஜைக்கு வைக்கும் விக்கிரகமல்ல, விளையாட்டுச் சாமானும் அல்ல. அங்கே பொம்மை வீட்டுக்கு வருகிறது. நம்முடையது வீட்டைவிட்டுப் போகிறது. மழையில் கரைந்து, வெயிலில் விரிந்து, மண்ணோடு மண்ணாகும். யாரும் ஒட்டவைப்பதில்லை. அடுத்த வேண்டுதலுக்குப் புதிது வரும்.

இப்போது பல ஊர்களில் சிமெண்டுக் குதிரை பளபளவென்று நிற்கிறது. ஒருமுறை கட்டிவிட்டால் வேளாருக்கு மறுபடி பிடிமண் ஏது? கண்மாயில் மண் எடுக்க அலைந்த அலைச்சல் வேறு. 2024-ல்தான் அந்த அனுமதியைத் தாசில்தாரே தரலாம் என்று தமிழக அரசு இலகுவாக்கியது.

நேர்ந்துகொண்டு மண் பிள்ளை வாங்கப் போகிறீர்களா? விரலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நன்றாக வெந்தது, தாராளமாக வாங்கலாம்.